நட்சத்திரத்துக்கு யார் பில் கட்டுகிறார்கள்?

பிரான்ஸின் நடுப்பகுதியில் பூர்ஜ் என்று ஓர் ஊர். அங்கே உடலுழைப்பு வேலை செய்கிறவர்கள் மதியச் சாப்பாட்டுக்கு வந்துபோகும் சின்ன ஹோட்டல் ஒன்று. மேஜைகளில் சிவப்பு வெள்ளைப் புள்ளி போட்ட விரிப்பு. அன்றன்றைக்குச் சமைத்த சாப்பாடு. பத்துப் பன்னிரண்டு யூரோவில் வயிறு நிறைந்துவிடும். 2017 பிப்ரவரியில் திடீரென்று அந்தக் கடைக்குப் புது முகங்களாக வர ஆரம்பித்தன. போன் ஓயவில்லை. நிருபர்கள் வந்தார்கள், டி.வி கேமராக்கள் வந்தன.

விஷயம் இதுதான். மிஷலின் கையேட்டின் இணையதளம் அந்தக் கடைக்கு ஒரு நட்சத்திரம் கொடுத்திருந்தது.

தவறு நடந்த விதம் வேடிக்கையானது. பாரீஸுக்குப் பக்கத்தில் பூத்தர்வில்லியே என்ற கிராமத்தில் அதே பெயரில் ஒரு உயர்தர உணவகம் இருக்கிறது. நட்சத்திரம் அதற்கு உரியது. ஒரு கடை 'லா ஷாப்பல்' சந்தில், இன்னொன்று 'லா ஷாப்பல்' சாலையில். முகவரியைப் பதிவேற்றியவர் குழம்பிவிட்டார். இரண்டு நாள்களில் திருத்திவிட்டார்கள். இரண்டு கடைக்காரர்களும் போனில் பேசிச் சிரித்துக்கொண்டார்கள். யாரும் யார்மீதும் கோபப்படவில்லை.

இரண்டு கடைகளுக்கும் இருந்த அந்தப் பொதுப் பெயர் 'பூஷ் அ ஓரேய்'. பிரெஞ்சில் அதற்கு 'வாயிலிருந்து காதுக்கு' என்று பொருள். அதாவது, சாப்பிட்டவர் சொல்லி, கேட்டவர் தேடி வருவது. காலம் காலமாக ஹோட்டல்கள் பிழைத்தது அப்படித்தான். அந்தப் பெயர் வைத்த கடைக்கே ஒரு குறியீடு தவறிப்போய் விழுந்ததும் ஊரே திரண்டு வருகிறது என்றால், அந்தக் குறியீட்டுக்கு எவ்வளவு பலம்!

டயர் தேய வேண்டும்

மிஷலின் என்றதும் பலருக்கு டயர் ஞாபகம் வரும். அதே கம்பெனிதான். நம் ஊர் வாயில் அது 'மிச்செலின்'. திருவள்ளூர் மாவட்டம் தேர்வாய் கண்டிகையில் தொழிற்சாலை வைத்திருக்கிறவர்கள். உலகத்துச் சமையல்காரர்களின் தூக்கத்தைக் கெடுக்கும் நட்சத்திரமும் அந்த டயர் கம்பெனியின் தயாரிப்புதான்.

1900-ம் ஆண்டு. பிரான்ஸ் முழுக்க ஓடிய கார்கள் 3,000-க்கும் குறைவு. கிளெர்மோன் ஃபெரோன் என்ற ஊரில் டயர் செய்துகொண்டிருந்த ஆந்த்ரே, எதுவார் என்ற மிஷலின் சகோதரர்களுக்கு ஒரு கவலை. கார் வைத்திருப்பவர்கள் வீட்டுக்குப் பக்கத்திலேயே சுற்றிக்கொண்டிருந்தால் டயர் எப்போது தேய்வது, புது டயர் எப்போது விற்பது? ஊர் ஊராகப் போகச் சொல்ல வேண்டும். அதற்காக ஒரு சின்னச் சிவப்புப் புத்தகம் போட்டார்கள். பஞ்சர் ஆனால் டயர் மாற்றுவது எப்படி, மெக்கானிக் எங்கே இருக்கிறார், பெட்ரோல் எங்கே கிடைக்கும், ராத்திரி எங்கே தங்கலாம் என்ற விவரங்கள். அச்சடித்தது 35,000 பிரதிகள். கார்களைப்போலப் பத்து மடங்குக்கும் மேல்! எல்லாம் இலவசம்.

இருபது வருடங்கள் இலவசமாகவே கொடுத்தார்கள். பிறகு ஒரு நாள் ஆந்த்ரே மிஷலின் ஒரு டயர் கடைக்குப் போனபோது, அங்கே ஆடிக்கொண்டிருந்த மேஜைக்கு இந்தப் புத்தகங்களை அண்டை கொடுத்து வைத்திருந்ததைப் பார்த்தாராம். காசு கொடுத்து வாங்காத பொருளுக்கு மரியாதை இருக்காது என்று அன்றைக்கே முடிவெடுத்தாராம். இது அந்தக் கம்பெனி தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்ளும் கதை. நடந்ததோ, மெருகு ஏற்றியதோ, 1920-ல் புத்தகத்துக்கு 7 ஃபிராங்க் விலை வைத்தது உண்மை. அதோடு காசு வாங்கிப் போட்ட விளம்பரங்களையும் எடுத்துவிட்டார்கள்.

இந்தக் கதையில் கவனிக்க வேண்டிய இடம் இதுதான். விளம்பரக் காசு வேண்டாம், படிப்பவர் கொடுக்கும் காசு போதும் என்ற அந்த முடிவு இல்லாமல் பின்னால் வந்த நட்சத்திரத்துக்கு இவ்வளவு பெயர் வந்திருக்காது.

1926-ல் நல்ல சாப்பாடு கிடைக்கும் இடங்களுக்கு ஒரு நட்சத்திரம் போட ஆரம்பித்தார்கள். 1931-ல் அது ஒன்று, இரண்டு, மூன்று என்று படி பிரிந்தது. ஒரு நட்சத்திரம் என்றால் வழியில் நிறுத்திச் சாப்பிடத் தகுந்த இடம். இரண்டு என்றால் போகிற வழியை விட்டு விலகிப் போகலாம். மூன்று என்றால் அதற்காகவே வண்டி கட்டிக்கொண்டு கிளம்பலாம். மூன்று விளக்கங்களிலும் சாலைதான் இருக்கிறது, பாருங்கள். டயர் வியாபாரியின் புத்தி எங்கேயும் போகவில்லை.

அந்தக் காலத்து நட்சத்திர நாயகி ஒரு பெண்மணி. பெயர் யூஜெனி பிராஸியே. பண்ணை வேலை செய்து வளர்ந்தவர். 1933-ல் அவர் நடத்திய இரண்டு உணவகங்களுக்கும் தலா மூன்று நட்சத்திரம் கிடைத்தது. ஒரே ஆளுக்கு ஆறு! பிற்காலத்தில் பிரெஞ்சுச் சமையலின் பெரிய பெயராக ஆன பால் போக்யூஸ் இளம் வயதில் அவர் அடுப்படியில் வேலை பழகியவர்.

இன்னொரு துணுக்கு. 1944-ல் நார்மண்டியில் தரையிறங்கப்போகும் நேச நாட்டுப் படைகளுக்காக இந்தக் கையேட்டின் 1939-ம் வருடப் பதிப்பை வாஷிங்டனில் மறுஅச்சு போட்டார்கள். சாப்பாட்டுக்காக இல்லை. பிரெஞ்சு ஊர்களின் வரைபடம் அதில் அவ்வளவு துல்லியமாக இருந்தது.

பேர் சொல்லாத விருந்தாளி

நட்சத்திரம் போடுகிறவர்களை 'இன்ஸ்பெக்டர்' என்கிறார்கள். மிஷலினில் மாதச் சம்பளத்துக்கு வேலை பார்ப்பவர்கள். பெரும்பாலும் ஹோட்டல் தொழிலிலேயே ஊறி வந்தவர்கள். வருடத்தில் 200 வேளைக்கு மேல் வெளியில் சாப்பிடுவது இவர்களின் உத்தியோகம். கேட்க சுகமாக இருக்கிறது. பிடிக்கிறதோ இல்லையோ, பசிக்கிறதோ இல்லையோ, தட்டில் வந்ததைக் கவனித்துச் சாப்பிட்டு, வந்து அறிக்கை எழுத வேண்டும். என்ன வேலை பார்க்கிறோம் என்பதைப் பெற்றோரிடம்கூடச் சொல்ல வேண்டாம் என்பது இவர்களுக்குக் கொடுக்கப்படும் அறிவுரை. பெருமை தாங்காமல் அவர்கள் அக்கம்பக்கத்தில் சொல்லிவிட்டால்?

சாதாரண வாடிக்கையாளராக மேஜை பதிவு செய்து, சாப்பிட்டு, முழு பில்லையும் கட்டிவிட்டு வர வேண்டும். மூலப்பொருளின் தரம், சமையல் கைப்பக்குவம், சுவைகள் ஒன்றோடொன்று பொருந்துவது, சமைப்பவரின் தனித்தன்மை, எப்போது போனாலும் அதே தரம் இருப்பது ஆகிய ஐந்தைத்தான் பார்க்கிறார்கள். மேஜை விரிப்பும் வெள்ளிக் கரண்டியும் இதில் வராது. நட்சத்திரம் உணவகத்துக்குத்தானே தவிர, செஃப்புக்கு இல்லை. அவர் வேறு கடைக்குப் போனால் அது கூடவே போகாது. வருடா வருடம் மறுபரிசீலனை உண்டு. வேண்டாம் என்று திருப்பிக் கொடுக்கவும் வழி இல்லை, ஏனென்றால் அது கையில் தரப்படும் பொருள் இல்லை, அவர்கள் புத்தகத்தில் அவர்கள் எழுதும் அபிப்பிராயம்.

இந்த ஏற்பாட்டின் மேல் கல்லெறிந்தவர் உள்ளேயிருந்தே வந்தார். பாஸ்கல் ரெமி என்ற முன்னாள் இன்ஸ்பெக்டர் 2004-ல் ஒரு புத்தகம் எழுதினார். பிரான்ஸ் முழுவதற்கும் இருக்கும் இன்ஸ்பெக்டர்கள் வெளியில் நினைப்பதைவிட மிகவும் குறைவு, எல்லாக் கடைகளுக்கும் வருடா வருடம் போவது நடக்காத காரியம், சில பெரிய பெயர்கள்மேல் கைவைக்கவே மாட்டார்கள் என்றார். மிஷலின் அடியோடு மறுத்தது. அடுத்த வருடமே பெல்ஜியத்தில் வேறு ஒரு வம்பு. 2005-ம் ஆண்டுப் பதிப்பில் ஆஸ்டெண்ட் ஊரின் ஓர் உணவகத்தைப் புகழ்ந்து சேர்த்திருந்தார்கள். புத்தகம் அச்சுக்குப் போனபோது அந்த உணவகம் திறக்கவே இல்லை! 50,000 பிரதிகளையும் திரும்பப் பெற்றார்கள். அந்தப் பதிப்பில் மற்ற நட்சத்திரங்களுக்கும் இன்ஸ்பெக்டர்கள் உண்மையில் சாப்பிட்டுப் பார்த்தார்களா என்று வாசகர்கள் கேட்டதில் நியாயம் இருக்கிறது.

கிடைத்தவர் பாடு

நட்சத்திரம் கிடைத்தால் வியாபாரம் எவ்வளவு ஏறும்? முப்பதுக்கும் மேற்பட்ட நட்சத்திரங்களுக்குச் சொந்தக்காரராக இருந்த ஜோயல் ரோபுஷோன் ஒரு கணக்கு சொன்னார். ஒன்று கிடைத்தால் 20 சதவிகிதம், இரண்டு என்றால் 40, மூன்று என்றால் இரட்டிப்பு.

கேட்டால் ஆசை வருகிறது. ஆனால் இதற்கு மறுபக்கம் ஒன்று உண்டு. லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ் ஆய்வாளர் ஒருவர், நியூயார்க்கில் 2000 முதல் 2014 வரை திறக்கப்பட்ட பேர்பெற்ற உணவகங்களின் கதி என்ன ஆனது என்று பின்தொடர்ந்து பார்த்தார். அவற்றில் மிஷலின் நட்சத்திரம் வாங்கியவற்றில் சுமார் 40 சதவிகிதம் 2019 முடிவதற்குள் மூடப்பட்டிருந்தன. சாப்பாடு கெட்டுப்போனது காரணம் இல்லை. கடைக்குப் பெயர் வந்ததும் கட்டட உரிமையாளர் வாடகையை ஏற்றுகிறார். காய்கறி, மீன் போடுகிறவர்கள் விலையை ஏற்றுகிறார்கள். 'நட்சத்திரக் கடையில் வேலை பார்த்தவன்' என்ற தகுதியோடு சமையல்காரர்கள் கூடுதல் சம்பளம் கேட்கிறார்கள், அல்லது வேறு இடத்துக்குப் போகிறார்கள். தூரத்திலிருந்து வரும் புது வாடிக்கையாளர்களின் எதிர்பார்ப்போ ஆகாயத்தில் இருக்கிறது. கல்லாவில் கூடுதலாக விழுவதற்கு வாசலிலேயே ஆள் நிற்கிறது.

பணத்தைவிடக் கனமான சுமை மனத்தின் மேல் விழுகிறது. பர்கண்டி பகுதியில் சோலியூ என்ற சின்ன ஊரில் உணவகம் நடத்தியவர் பெர்னார் லுவாஸோ. 1991-ல் மூன்றாவது நட்சத்திரம் வாங்கி நாடறிந்த மனிதரானார். தன் தொழிலைப் பங்குச் சந்தைவரை கொண்டுபோனார். கடனும் இருந்தது, மனச்சோர்வு நோயும் இருந்தது. 2003 பிப்ரவரியில் மிஷலினுக்குப் போட்டியான 'கோ மில்லோ' கையேடு அவர் மதிப்பெண்ணை 20-க்கு 19-லிருந்து 17-ஆகக் குறைத்தது. மிஷலினும் மூன்றாவது நட்சத்திரத்தைப் பறிக்கப்போகிறது என்று பத்திரிகையில் பேச்சு அடிபட்டது. அந்த மாதம் 24-ம் தேதி அவர் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். வயது 52. அந்த வருட மிஷலினில் அவருடைய மூன்று நட்சத்திரங்களும் அப்படியே இருந்தன.

ஒரு மனிதர் அப்படி முடிவெடுப்பதற்கு ஒரே ஒரு காரணம் இருக்காது. ஆகவே ஒரு கையேட்டின் தலையில் அதைக் கட்டுவது சரியில்லை. ஆனால் பிரான்ஸின் சமையலறைகள் அதை அப்படிக் கடந்துபோகவில்லை. 'எங்கள் சமையலை மதிப்பிடுகிறீர்கள், சரி. எங்கள் வாழ்க்கையையுமா?' என்ற கேள்வி அதற்குப் பிறகுதான் உரக்கக் கேட்டது. லுவாஸோவின் மனைவி தொமினிக் அந்த உணவகத்தைக் கைவிடாமல் நடத்தினார். மூன்றாவது நட்சத்திரம் பதிமூன்று வருடங்கள் கழித்து, 2016-ல்தான் போனது. கடை தொடர்ந்து நடந்தது.

2017-ல் செபஸ்தியான் பிராஸ் என்ற செஃப் ஒரு வீடியோ வெளியிட்டார். அப்பா காலத்தில் 1999-ல் கிடைத்த மூன்று நட்சத்திரங்களைக் கட்டிக் காத்தவர். சமையலறையிலிருந்து தினமும் போகும் 500 தட்டுகளில் எது இன்ஸ்பெக்டரின் மேஜைக்குப் போகிறது என்று தெரியாமல் வாழ்வது போதும், எங்களைப் புத்தகத்திலிருந்து எடுத்துவிடுங்கள் என்று கேட்டுக்கொண்டார். மிஷலின் ஒப்புக்கொண்டது. 2018 பதிப்பில் அவர் உணவகம் இல்லை. நிம்மதி என்று நினைத்தார். 2019 பதிப்பில் திடீரென்று மறுபடியும் பெயர் வந்தது, இரண்டு நட்சத்திரங்களோடு! வேண்டாம் என்று போனவரைக் கூப்பிட்டு உட்காரவைத்து ஒன்றைக் குறைத்துக் கொடுத்தார்கள்.

இதற்கு நேரெதிர் ஆள் மார்க் வேரா. எப்போதும் கறுப்புத் தொப்பியும் குளிர்க் கண்ணாடியுமாக இருப்பவர். 2019 ஜனவரியில் இவரது மூன்றாவது நட்சத்திரம் போனது. தன் சுஃப்லேயில் இங்கிலாந்துச் செடார் சீஸ் போட்டதாக இன்ஸ்பெக்டர் நினைத்துவிட்டார் என்பது வேராவின் ஆத்திரம். மஞ்சள் நிறம் வந்தது குங்குமப்பூவால், போட்டதெல்லாம் எங்கள் மலைச் சீஸ்கள் என்று கொதித்தார். உள்ளூர்ப் பாலில் செய்த சீஸைப் பெருமையாகச் சமைக்கும் பிரெஞ்சுக்காரரிடம் 'இது இங்கிலீஷ்காரன் சீஸ்தானே?' என்று கேட்டால் வேறென்ன நடக்கும்? கோர்ட்டுக்கே போனார். மதிப்பெண் காரணத்தைக் காட்டச் சொன்னார், இழப்பீடாக ஒரே ஒரு யூரோ கேட்டார். 2019-ன் கடைசி நாளில் தீர்ப்பு வந்தது. வழக்கு தள்ளுபடி. கையேடு சொல்வது அபிப்பிராயம், அபிப்பிராயம் சொல்ல அதற்கு உரிமை உண்டு.

இப்போது பில் யார் பேரில்?

போனில் எல்லாமே ஓசியில் கிடைக்கத் தொடங்கிய பிறகு சிவப்புப் புத்தகத்தை யார் காசு கொடுத்து வாங்குவார்கள்? விற்பனை படுத்தது. ஆனால் இன்ஸ்பெக்டர்களின் பில்லும் விமான டிக்கெட்டும் நிற்கவில்லை. அந்த இடத்தில் புதிய ஆள் வந்து உட்கார்ந்தார்: அரசாங்கங்களின் சுற்றுலாத் துறை.

2017-ல் தாய்லாந்துச் சுற்றுலா ஆணையம் ஐந்து வருடங்களுக்கு 14.4 கோடி பாட் தருவதாக ஒப்பந்தம் போட்டது. அந்த வருட டிசம்பரில் பாங்காக் கையேடு வெளிவந்தது. 2019-ல் கலிஃபோர்னியா முழுவதற்குமான கையேட்டுக்கு அங்கத்திய சுற்றுலா அமைப்பு 6 லட்சம் டாலர் கொடுத்தது. பணம் விளம்பரச் செலவுக்குத்தான், யாருக்கு எத்தனை நட்சத்திரம் என்பதில் அவர்கள் தலையிட முடியாது என்கிறது மிஷலின். அதை நம்பலாம். குறிப்பிட்ட ஒரு கடைக்காகச் சுற்றுலாத் துறை சிபாரிசு செய்ததாக யாரும் நிரூபித்ததில்லை. ஆனால் எந்த ஊருக்குக் கையேடு வரும், எந்த ஊருக்கு வராது என்ற முதல் கேள்வியில் பணம் பேசுகிறதே! நல்ல சமையல் இருக்கும் ஊரெல்லாம் பணம் கட்டும் ஊராக இருக்க வேண்டியதில்லை.

இதில் ஒரு நல்லதும் நடந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். வெள்ளை விரிப்பு மேஜைகளைத் தாண்டி, நட்சத்திரம் முதன்முதலாக நடைபாதைக்கு இறங்கியது ஆசியாவில்தான். 2016-ல் சிங்கப்பூருக்கு முதல் கையேடு வந்தபோது, இரண்டு ஹாக்கர் கடைகளுக்கு நட்சத்திரம் கிடைத்தது. அதில் ஒன்று சைனாடவுன் உணவு வளாகத்தில் சான் ஹோன் மெங் என்பவர் போட்டிருந்த சோயா சாஸ் கோழிச் சோற்றுக் கடை. ஒரு தட்டு 2 சிங்கப்பூர் டாலர். உலகத்திலேயே மலிவான நட்சத்திரச் சாப்பாடு என்று செய்தி பறந்தது. அடுப்பில் ஒற்றை ஆளாக நின்றவர் முதலீட்டாளரோடு சேர்ந்து வெவ்வேறு நாடுகளில் கிளைகள் திறந்தார். 2021-ல் நட்சத்திரம் போனது. 2016-ல் நட்சத்திரம் வாங்கிய இன்னொரு கடை ஒரு நூடுல்ஸ் கடை. அது சங்கிலிக் கடையாகப் பரவாமல் நீண்ட வரிசையோடு தன் இடத்திலேயே இருந்தது, நட்சத்திரமும் வருடக்கணக்கில் நின்றது.

பாங்காக்கின் முதல் கையேட்டில் நட்சத்திரம் வாங்கிய ஜே ஃபாய் அம்மாவுக்கு அப்போதே வயது எழுபதைத் தாண்டியிருந்தது. தெருவோரம் கரி அடுப்பு. எண்ணெய் தெறித்துக் கண்ணில் படாமல் இருக்கப் பனிச்சறுக்கு விளையாடுகிறவர்கள் மாட்டும் பெரிய கண்ணாடி. வாணலியில் உருட்டி உருட்டி எடுக்கும் நண்டு ஆம்லெட். ஒவ்வொரு தட்டும் அவர் கையால்தான் போகும், உதவிக்கு இருப்பவர்கள் அடுப்பைத் தொட முடியாது. நட்சத்திரம் கிடைத்த பிறகு காலையிலேயே வரிசை கட்டிவிட்டார்கள். பாதிப் பேர் சாப்பிட, பாதிப் பேர் போட்டோ எடுக்க. வருமான வரிக்காரர்களின் பார்வையும் திரும்பியது. இந்த நட்சத்திரத்தைத் திருப்பிக் கொடுத்துவிடலாம்போல இருக்கிறது என்று பேட்டியில் சொன்னார். ஆனாலும் அடுப்பை விட்டு நகரவில்லை. சுற்றுலாத் துறை காசு கட்டாமல் இருந்திருந்தால் தாய்லாந்துக்கு வெளியே அந்தக் கண்ணாடிக்கார அம்மாவை யாருக்குத் தெரிந்திருக்கும் என்பதும் உண்மைதான்.

நத்தத்து நத்தை

கையேடு எங்கே போகிறது என்பதற்கு நமக்கு நெருக்கமான ஓர் உதாரணம் உண்டு. நியூயார்க்கின் கிரீனிச் வில்லேஜில் 'செம்ம' என்று ஓர் உணவகம். அதன் செஃப் விஜயகுமார், திண்டுக்கல் மாவட்டம் நத்தம் பக்கத்துக் கிராமத்திலிருந்து போனவர். அங்கே பேர்பெற்ற பண்டங்களில் ஒன்று நத்தை பிரட்டல். சின்ன வயதில் வயலில் பொறுக்கி வந்து வீட்டில் சமைத்துச் சாப்பிட்டது. வசதியில்லாதவர்கள் தின்பது என்று ஊரில் சொல்லிக்கொள்ளக் கூச்சப்பட்ட சாப்பாடு. பிரெஞ்சுக்காரர்கள் அதே நத்தையைப் பெரிய விருந்தில் பரிமாறுகிறார்கள் என்று சமையல் படித்தபோதுதான் தெரிந்தது.

2022-ல் 'செம்ம'வுக்கு மிஷலின் நட்சத்திரம் கிடைத்தது. 2025-ல் விஜயகுமார் அமெரிக்காவின் ஜேம்ஸ் பியர்ட் விருதை, நியூயார்க் மாநிலத்தின் சிறந்த செஃப் என்ற பிரிவில், வேட்டி கட்டிக்கொண்டு போய் வாங்கினார். தமிழ்நாட்டில் வாட்ஸ்அப் குரூப் பாக்கியில்லாமல் அந்தப் படம் சுற்றியது. சுற்ற வேண்டிய படம்தான்.

ஆனால் அவருக்கு நட்சத்திரம் கிடைத்த அந்த 2022-ல் இந்தியாவின் எந்த ஊருக்கும் மிஷலின் கையேடு கிடையாது. மதுரையில் நள்ளிரவு தாண்டியும் கல்லில் பரோட்டா அடிப்பவரையோ, திண்டுக்கல்லில் சீரக சம்பாவுக்குத் தம் போடுபவரையோ சாப்பிட்டுப் பார்த்து நிராகரித்தார்கள் என்று இதற்கு அர்த்தம் இல்லை. அவர்கள் மேஜையில் யாரும் வந்து உட்காரவே இல்லை. நத்தத்து நத்தை அமெரிக்கா போய்ச் சேர்ந்த பிறகுதான் இன்ஸ்பெக்டரின் கண்ணில் பட்டது. உலகத்தின் சிறந்த உணவகங்கள் என்று பட்டியல் வரும்போதெல்லாம், 'உலகம்' என்று அவர்கள் எதைச் சொல்கிறார்கள் என்று ஒரு தடவை பார்த்துக்கொள்வது நல்லது.

எல்லோரும் இன்ஸ்பெக்டர்

ஒரு கம்பெனியின் சில ஆட்கள் தீர்ப்பு சொல்வதைவிட, சாப்பிட்ட எல்லோரும் சொல்லட்டுமே என்ற யோசனை புதிது இல்லை. நியூயார்க்கில் ஸகாட் என்ற வக்கீல் தம்பதி 1979-லேயே நண்பர்களிடம் கடைகளுக்கு மதிப்பெண் கேட்டு வாங்கித் தொகுக்க ஆரம்பித்தார்கள். அது பெரிய வியாபாரமாகி, 2011-ல் கூகுள் அதை வாங்கியது. இன்றைக்கு போனைத் திறந்தால் தெருமுனை டீக்கடைக்கும் 4.3 நட்சத்திரம் இருக்கிறது. இங்கே சாப்பிட்டவர்தான் எழுதுகிறாரா, பில் கட்டித்தான் சாப்பிட்டாரா என்று பார்க்க ஆள் கிடையாது.

அதை உலகத்துக்குக் காட்டியவர் ஊபா பட்லர் என்ற லண்டன் இளைஞர். ஒரு காலத்தில் இவரே, கால் வைக்காத ஹோட்டல்களுக்குப் புகழ்ச்சி ரிவ்யூ எழுதி, ஒன்றுக்கு 10 பவுண்ட் வீதம் ஹோட்டல்காரர்களிடம் வாங்கியவர். தொழில் ரகசியம் தெரிந்த கை. 2017-ல் தான் குடியிருந்த தோட்டக் கொட்டகையையே ஓர் உணவகம் என்று 'டிரிப்அட்வைஸர்' தளத்தில் பதிவு செய்தார். பெயர் 'தி ஷெட் அட் டல்விச்'. முன்பதிவு செய்தால் மட்டுமே அனுமதி என்று போட்டார். ஷேவிங் க்ரீம், பெயின்ட், கழிப்பறை சுத்தம் செய்யும் வில்லை ஆகியவற்றை வைத்துப் பண்டங்கள்போல அலங்கரித்துப் போட்டோ எடுத்துப் போட்டார். நண்பர்களை விட்டு ரிவ்யூ எழுதவைத்தார்.

லண்டனில் அப்போது அந்தத் தளத்தில் இருந்த உணவகங்கள் சுமார் 18,000. கொட்டகை கடைசி இடத்தில் ஆரம்பித்து மேலே ஏறியது. போன் வர ஆரம்பித்தது. 'மன்னிக்கவும், ஆறு வாரத்துக்கு இடமில்லை' என்று சொல்லச் சொல்ல மவுசு கூடியது. நவம்பர் 1-ம் தேதி அது லண்டனின் நம்பர் ஒன் உணவகம். அதுவரை ஒருவருக்கும் ஒரு வாய் சோறு போட்டதில்லை.

பிறகு ஒரே ஒரு ராத்திரி உண்மையாகவே கடையைத் திறந்தார். சூப்பர் மார்க்கெட்டில் ஒரு பவுண்டுக்கு விற்கும் ரெடிமேட் சாப்பாட்டை வாங்கி, மைக்ரோவேவில் சூடு பண்ணி, மேலே நாலு இலை தூவிப் பரிமாறினார். சாப்பிட்டு முடித்து எழுந்த விருந்தாளிகளில் சிலர், ஒரு தடவை வந்துவிட்டோமே, அடுத்த தடவை இடம் கிடைப்பது கொஞ்சம் சுலபமாக இருக்குமா என்று கேட்டுவிட்டுப் போனார்கள்.